திரும்பி வந்த இறால்

விசிறிக்கொண்டிருந்தவளின் கை பாதியில் நின்றது. விரட்டுவதற்கு ஒரு ஈகூட இல்லை.

காலையிலிருந்து செய்தித்தாளை மடித்து வைத்துக்கொண்டு புருஷன் முகத்துக்கு மேல் ஆட்டிக்கொண்டிருக்கிறாள். வந்தவர்கள் குடித்து வைத்த டீ தம்ளர்களில் ஈ மொய்க்கிறது. அழுகிறவர்களின் மூக்கு நுனியில் உட்காருகிறது. கட்டிலில் கிடப்பவரை மட்டும் ஒதுங்கிப் போகிறது. அட, இதென்ன கூத்து!

அவர் இறால் ஏற்றுமதி செய்தவர். எட்டு மாதத்துக்கு முன் ஒரு கன்டெய்னர் சரக்கு, வாங்குகிற நாட்டுத் துறைமுகத்தைத் தாண்டாமலே திரும்பி வந்துவிட்டது. குளத்தில் போட்ட மருந்து இறாலில் தங்கியிருக்கிறதாம், அந்த நாடு அனுமதிக்கிற அளவுக்கு மேலே.

"போன வருஷம் இதே இறாலைச் சப்புக்கொட்டித் தின்னாங்க. அவங்க ஊர்ல இறால் வளர்க்கிறவன் கத்தினான், அளவைப் பத்துல ஒண்ணாக் குறைச்சிட்டாங்க. ஜனங்க உடம்பு மேல அக்கறையாம், மண்ணாங்கட்டி! நானே தின்னு காட்டுறேன் பாரு" என்று குதித்தார்.

அன்றிலிருந்து வீட்டில் இரண்டு வேளையும் அந்த இறால்தான். வீம்பு என்றால் அப்படியொரு வீம்பு. அவளும் கூடவே தின்றாள். இன்று விடிந்ததும் எழுப்பினாள், எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார் டாக்டர். வயசு அறுபத்திரண்டு, இருக்கலாம்.

அவள் தன் கையை மெல்ல டீ தம்ளர்களின் பக்கம் கொண்டுபோனாள். மொய்த்திருந்த ஈக்கள் மொத்தமும் எழுந்து ஜன்னலுக்குப் போயின. அவள் கையைச் சட்டென்று முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்துக் கொழுந்தன் கைபேசியைப் பொத்திக்கொண்டு வந்தார். தொழிலில் கூட்டாளியும் அவர்தான்.

"அண்ணி, இப்ப கேக்கக் கூடாதுதான். நம்ம சரக்கைத் திருப்பி அனுப்பினாங்களே, அவங்க குளத்துலயெல்லாம் நோய் வந்து இறால் பூராவும் செத்துப்போச்சாம். அளவைப் பழையபடி ஏத்திட்டாங்க. நம்ம ஐஸ் கிடங்குல இருக்கிறதை அப்படியே அனுப்பச் சொல்றாங்க. நீங்க ஒரு வார்த்தை சரின்னா போதும்."

"சரக்கு நல்லதா?"

"அவங்களே நல்லதுன்னுட்டாங்களே அண்ணி!"

அவள் எழுந்து அடுக்களைக்குப் போனாள். ராத்திரி அவர் மிச்சம் வைத்த வறுத்த இறாலைத் தட்டில் போட்டுக் கொண்டுவந்து நீட்டினாள்.

"ஒரு வாய் சாப்பிடுங்க தம்பி. அப்புறம் சொல்றேன்."

கொழுந்தன் தட்டைப் பார்த்தார். கட்டிலைப் பார்த்தார். கைபேசிக்குள் யாரோ ஹலோ ஹலோ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் ஈரமே இல்லாத வலது கையைச் சட்டையில் துடைத்தார், துடைத்துக்கொண்டே நின்றார்.