எழுபத்தஞ்சு மாடல்

கை கழுவாமலே இரண்டு பிஸ்டன்களையும் கொண்டுவந்து, அப்பாவின் வலது உள்ளங்கையில் ஒன்றும் இடது உள்ளங்கையில் ஒன்றுமாக வைத்தாள் மகள்.

"எதுப்பா எழுபத்தஞ்சு?"

"போர்வையில கறை படும்" என்றாள் அம்மா, இன்றைக்கும் வழக்கம் விடாமல்.

இன்று மாலையைத் தாண்டுவது சிரமம் என்று டாக்டர் காலையில் வாசலில் வைத்துச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அது அப்பாவின் காதில் விழுந்ததோ என்னவோ, அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். கொல்லையில் நிற்கும் பழைய எழுபத்தைந்தாம் வருட மோட்டோகிராஸ் பைக்கின், மண்மேட்டுப் பந்தய வண்டியின், சத்தத்தை ஒரு தடவை கேட்க வேண்டும். எஞ்சினைப் பாதி பிரித்த நிலையில்தான் படுக்கையில் விழுந்திருந்தார். மிச்சத்தைப் பூட்ட மகளை விட்டால் ஆளில்லை. பல் மருத்துவமனையில் செயற்கைப் பல்லுக்கு அச்சு எடுக்கிறவள் என்றாலும், பள்ளிக்கூட நாளிலிருந்தே அப்பாவுக்கு ஸ்பானர் எடுத்துக் கொடுத்தவள்.

சிக்கலெல்லாம் பிஸ்டனில். எழுபத்தைந்தாம் வருட மாடலுக்கும் எழுபத்தாறுக்கும் பிஸ்டன் அச்சு அசல் ஒன்றுபோல இருக்கும். அதே குறுக்களவு, அதே உயரம். பிஸ்டனைச் சுற்றி மாட்டும் ரிங் சுழன்றுவிடாமல் பிடித்துக்கொள்ள, அது உட்காரும் காடியில் ஒரு பொடிப் பின் இருக்கிறதே, அதில்தான் வித்தியாசம். சிலிண்டர் சுவரின் துவாரங்களை எழுபத்தாறில் இடம் மாற்றியதால் அந்தப் பின்னையும் ஒரு நகத்தளவு தள்ளி வைத்துவிட்டார்கள். மாற்றிப் போட்டால் ரிங்கின் முனை துவாரத்தில் மாட்டி உடையும். அப்புறம் எஞ்சின் பழைய இரும்புக்குத்தான்.

அப்பா இரண்டு மாடல்களின் சாமான்களையும் இரண்டு தகரப் பெட்டிகளில் தனித்தனியாக வைத்திருந்தார். போன மாதம் அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது, இடத்தை அடைக்கிறது என்று அம்மா எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் கொட்டிவிட்டாள். ஒரு வாரம் அப்பா அவளோடு பேசவில்லை. "கட்டின பொண்டாட்டி பேரை மாத்திக் கூப்பிட்டாலும் கூப்பிடுவேன், எழுபத்தஞ்சை எழுபத்தாறுன்னு சொல்லமாட்டேன்" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த மனுஷர். பஸ் டிப்போவில் முப்பது வருடம் வேலை பார்த்தவருக்கு இருந்த ஒரே கர்வம் அது.

கண்ணை மூடிக்கொண்டு, கட்டைவிரலால் காடியைத் தடவித் தடவிப் பார்த்தார். வலது கையை லேசாக உயர்த்தினார்.

"இது."

கொல்லைக்கு வந்து அதைச் சிலிண்டருக்குள் வெறுமனே விட்டு, டார்ச் அடித்துப் பார்த்தாள். அந்தப் பொடிப் பின் நேராகத் துவாரத்தின் நடுவில் நின்றது. வெளியே எடுத்துத் துடைத்து மறுபடி விட்டாள். மூன்றாம் தடவையும் அதே இடம். சந்தேகமே இல்லை, எழுபத்தாறு. இத்தனை வருடத்தில் அப்பா தவறிச் சொல்லி அவள் பார்த்ததில்லை. டாக்டர் சொன்னபோது வராத அழுகை இப்போது வந்தது. சிலிண்டரை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு இன்னொரு பிஸ்டனைப் பூட்டினாள்.

நாலாவது உதையில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. அந்த அலறலுக்கு ஜன்னல் கண்ணாடியெல்லாம் கிடுகிடுத்தது. இரண்டு நிமிடம் ஓடவிட்டு நிறுத்திவிட்டு உள்ளே ஓடினாள்.

"நீங்க சொன்னதைத்தான்ப்பா போட்டேன்."

"பின்னே?" என்றார் அப்பா.

அதுதான் அவர் கடைசியாகச் சொன்னது. நாலு மணிக்கு, அம்மா தலையணையைச் சரிசெய்துகொண்டிருந்தபோதே மூச்சு நின்றுவிட்டது.

சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் செய்து முடித்துவிட்டு இருவரும் கட்டிலருகே உட்கார்ந்திருந்தார்கள். மகளுக்கு மனசு கேட்கவில்லை.

"அம்மா, அப்பா தப்பா சொல்லிட்டாரும்மா. நான்தான் மாத்திப் போட்டேன்."

"தெரியும்."

"எப்படி?"

"ஆறு மாசமாவே எது எந்த மாடல்னு அவருக்குப் பிடிபடலை. இதை அதுல போடுவார், அதை இதுல போடுவார். அவர் தூங்கினப்புறம் நான் எடுத்துச் சரியா வைப்பேன். இத்தனை வருஷம் காது புளிக்கக் கேட்டிருக்கேனே, எனக்குத் தெரியாதா?" அம்மா அப்பாவின் சட்டைக் காலரை நீவிவிட்டாள். "போகப்போக என்னால ஈடுகொடுக்க முடியலை. ஒருநாள் அவரே கண்டுபிடிச்சா மனுஷன் உடைஞ்சு போயிருப்பார். அதான் ரெண்டையும் ஒண்ணாக் கொட்டினேன். என்னைத் திட்டிட்டுப் போகட்டுமேன்னு."

மகள் அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டாள்.

அதற்குள் பந்தயக்காரர் வந்துவிட்டார். அந்த பைக்கை ஒரு காலத்தில் ஓட்டிய, அப்பாவின் கூட்டாளி. கட்டிலருகே நின்று குலுங்கி அழுதார். அழுது ஓய்ந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் அம்மாவைப் பார்த்தார்.

"தெருமுனை வரைக்கும் சத்தம் கேட்டுது அண்ணி. நீங்க பெட்டியைக் கலக்கிட்டீங்கன்னு என்கிட்டப் புலம்பினார். அப்படியும் தடவிப் பார்த்தே சொல்லிட்டாரா?"

"ஆமா தம்பி. நான்தான் புத்தியில்லாம கலக்கிட்டேன்."

மகள் நிமிர்ந்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அம்மா அவள் முழங்காலை அழுத்தினாள்.

"எப்படிக் கண்டுபிடிச்சார்னு இவகிட்டக் கேளுங்க. இவதான் பக்கத்துல இருந்தா."

பந்தயக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். மகள் ஒரு நொடி அம்மாவைப் பார்த்தாள். பிறகு கட்டைவிரலை நீட்டி, "கண்ணை மூடிக்கிட்டு இப்படித் தடவினார் மாமா" என்று ஆரம்பித்தாள்.