சிலிர்த்த கை

1
இந்தக் கதை எனக்கு ஒரு கையிலிருந்து கிடைத்தது. காசியில் நாகபஞ்சமியன்று, நாகக் கிணற்றங்கரையில் நடந்த சமஸ்கிருத இலக்கண வாதத்தில் அந்தக் கையைப் பார்த்தேன். ஐயோ, இன்னும் எனக்குப் பதற்றம் அடங்கவில்லை.

‘மகிழ்ச்சி என்பது யாதெனில்’ என்று முதலில் ஆரம்பித்தேன். [அடித்துவிட்டேன். உபதேசம் செய்கிற நிலைமையிலா இருக்கிறேன்?]

2
இந்த வருஷம் வாதத்துக்கு எடுத்த சொல் ‘ஹர்ஷம்’. ஒரு பக்கம் துர்காதத் ஓஜா, எதிர்ப்பக்கம் அவர் மகள் சாருமதி. மகள் ஜெயித்தால் தன் பாடசாலையில் அவளும் பாடம் சொல்லலாம் என்று ஓஜா வாக்குக் கொடுத்திருந்தார். இதுவரை அங்கே எந்தப் பெண்ணும் பாடம் சொன்னதில்லை.

“ஹர்ஷம்னா சந்தோஷம். இதுல என்ன ஆராய்ச்சி?”

“வேர் ‘ஹ்ருஷ்’ப்பா. மயிர் சிலிர்த்து நிக்கிறது. அதோட ‘அ’ சேர்ந்து ஹர்ஷமாச்சு. மொதல்ல உடம்பு, அப்புறந்தான் மனசு.”

“பயந்தாலும்தான் சிலிர்க்கும். அதுவும் சந்தோஷமா, மண்டு?”

கூட்டம் சிரித்தது. அவள் அசரவில்லை.

“எதுக்கு நிக்கிறோம்னு மயிருக்கு எப்படிப்பா தெரியும்? பேர் வைக்கிறது நாமதானே?”

ஓஜா வாயைத் திறந்தார். பேச்சு வரவில்லை.

(எங்கள் சபையில் பேச்சற்றுப் போனவர் தோற்றவர். தோல்வி என்று முடிவாகும்வரை அவர் யோசிக்கிறார் என்று பொருள். யாரும் குறுக்கே பேசக்கூடாது, தொடவும் கூடாது.)

3
எல்லோரும் மரியாதையாகக் காத்திருந்தோம்.

அவர் வலக்கை மடியில் கிடந்தது. அதிலிருந்த நரைமயிர் அத்தனையும் குத்திட்டு நின்றது. சாருமதிதான் முதலில் பார்த்தாள்.

“பாருங்க, பாருங்க! எங்கப்பாவுக்கே சிலிர்த்துடுச்சு! பொண்ணு ஜெயிச்ச ஹர்ஷம்!”

“ஹர ஹர மகாதேவ்!” என்று கூட்டம் அதிர்ந்தது. அவளுக்கு மாலை விழுந்தது. அவள் அதைக் கழற்றி அப்பா கழுத்தில் போடக் குனிந்தாள்.

அவர் வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. கை ஜில்லிட்டிருந்தது.

“அப்பா? நான் தோத்துட்டேம்ப்பா. நீங்க சொன்னதுதான் சரி. மண்டுன்னு திட்டுங்கப்பா, ஏதாவது பேசுங்க!”

4
முடிவு ஒன்று: ஆஸ்பத்திரியில் கண் விழித்து “மண்டு” என்கிறார். எழுதிப் பார்த்தேன். எனக்கு ஆசைதான், ஆனால் அந்தக் குரலை என்னால் உண்டாக்க முடியவில்லை.

முடிவு இரண்டு: மணிகர்ணிகைச் சுடுகாட்டுப் படித்துறையில், சாருமதி

[மாட்டேன்.]

ஆகவே அவளை அங்கேயே, குனிந்தபடி விட்டிருக்கிறேன். முன்வரிசைக்கு விஷயம் புரிந்துவிட்டது. பின்வரிசையில் இன்னும் கைதட்டுகிறார்கள். வாசகரே, நீங்களாவது போய் அவர்களை நிறுத்துங்கள். எனக்குக் குரல் வரவில்லை.