சிவப்பு நூல் கட்டிய வழி

சிலோயே தீவில், குக்காவோ ஏரியிலிருந்து மேற்குக் கடலுக்குப் போகும் காட்டுப் பாதையில் பாதியை வெட்டியவள் எதெல்மிரா. ஏழு மழைக்காலம் தனியாளாக நின்று சேற்றுக்கு மேல் பலகை போட்டாள். முதுகில் மூட்டையோடு வருகிற ஊர்சுற்றிகள் இன்று கால் நனையாமல் நடக்கிறார்கள் என்றால், அது அவளுடைய இடுப்பு வலி. யாராவது ஒருத்தர் நன்றி சொன்னதுண்டா? அதை விடுங்கள்.

ஓரிடத்தில் பாதை வலப்பக்கம் திரும்பி முகட்டுக்கு ஏறும். இடப்பக்கம் ஒரு பட்ட மரத்தை அவளே குறுக்கே இழுத்துப் போட்டிருந்தாள். அதைத் தாண்டி மூங்கில் புதருக்குள் இறங்கினால் அவளுடைய பாறை. பாறை நிறையக் கடற்பாசி. கொச்சாயூயோ என்று சந்தையில் கட்டுக் கட்டாக வாங்குகிறார்களே, அதுதான். அடியில் ஒரு முழம் விட்டு அறுத்தால் மறுபடி வளரும். அவள் வீட்டு அடுப்பு எரிந்ததே அதில்தான்.

அந்த வழி இன்னொருத்திக்கு மட்டும் தெரியும். தங்கை நெல்டா. அவள் புருஷனைக் கடல் கொண்டுபோன வருஷம் எதெல்மிராதான் அவளை அங்கே கூட்டிப்போனாள். கத்தியை எங்கே வைப்பது என்று கையைப் பிடித்துக் காட்டி, பாதியை நீ எடுத்துக்கொள் என்றாள். இப்போது நெல்டா பஸ் நிற்கிற இடத்தில், பாதை நடக்க வருகிறவர்களுக்கு அறை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தாள்.

அங்கே கோடை முடிகிற மார்ச் மாதத்தில் ஒரு காலை, கடல் நன்றாக வற்றுகிற நாள். எதெல்மிரா போனபோது குறுக்கு மரத்தை யாரோ ஓரமாக உருட்டிவிட்டிருந்தார்கள். புதரில் பத்தடிக்கு ஒரு சிவப்பு நூல், வழி தெரியாதவர்களுக்கு அடையாளமாகக் கட்டியிருந்தது. கீழே பாறை மொட்டையாகக் கிடந்தது. அறுக்கவில்லை பாவிகள், அடியோடு பிடுங்கியிருந்தார்கள். இனி அது எப்போது முளைத்து, எப்போது அவள் அறுப்பது? அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஏறி வரும்போது ஆத்திரத்தில் ஒரு நூலைப் பிடுங்கியவள் அப்படியே நின்றாள். தடித்தும் மெலிந்தும் ஓடுகிற கம்பளி. அவள் கையால் நூற்றது. மூன்று நாள் வேரைக் கொதிக்கவைத்து அவளே ஏற்றிய சாயம். ஊரில் அந்தச் சிவப்பில் ஒரே ஒரு ஸ்வெட்டர்தான் உண்டு. புருஷனை இழந்த தங்கைக்குக் குளிருமே என்று பின்னிக் கொடுத்தது. ஒவ்வொரு நூலாக அவிழ்த்து உருண்டையாகச் சுற்றிக்கொண்டே மேலே வந்தாள்.

நெல்டா அடுப்படியில் உருளைக்கிழங்கு ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். வாக்கா, உட்காரு என்றாள். பாறையைப் பற்றிச் சொன்னதும் வாயில் கை வைத்து, எந்தப் பாவி செய்தானோ என்றாள். லாரிக்காரர்கள் இப்போது எங்கேதான் நுழைவதில்லை என்றாள். தான் அந்தப் பக்கம் போயே வருஷக்கணக்காகிறது என்றாள்.

"நான் பின்னிக் கொடுத்த ஸ்வெட்டர் எங்கடி?"

"அது பூச்சி அரிச்சிருச்சுக்கா. தூக்கிப் போட்டுட்டேன்."

எதெல்மிரா பையிலிருந்து நூல் உருண்டையை எடுத்து மாவுக்குப் பக்கத்தில் வைத்தாள். நெல்டாவின் கை நின்றுபோனது.

"அறுத்துக்கிட்டுப் போறோம்னு சொல்லித்தான் லாரிக்காரங்க பணம் கொடுத்தாங்க," என்றாள். "கூரை ஒழுகுது. வர்றவங்க யாரும் தங்க மாட்டேங்கறாங்க. நான் என்ன பண்ணட்டும்?"

"என்னைக் கேட்டிருந்தா நானே ஏறிக் கூரையை மாத்திக் கொடுத்திருக்க மாட்டேனாடி?"

எதெல்மிரா நேராகப் போய்ச் சுவரோரப் பெட்டியைத் திறந்தாள். ஸ்வெட்டர் மடித்த மடிப்புக் கலையாமல் மேலேயே இருந்தது. இடது கை மட்டும் இல்லை.

"பூச்சி ரொம்ப ஒழுங்காத்தான் தின்னிருக்கு," என்று அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

"அக்கா, அதையாவது விட்டுட்டுப் போ. குளிர்காலம் வருது."

"விட்டுட்டுப் போனா, மிச்ச நூல்ல என் வீட்டுக்கும் வழி கட்டி யாரையாவது அனுப்பி வைப்ப."

ஏரிக்கரையில் பாதி தூரம் போவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. அந்த ஸ்வெட்டரைத் தலையில் போட்டுக்கொள்ளக்கூட அவளுக்கு மனம் வரவில்லை.