மிருதங்கத்துக்கு ஒரு பிடி ரவை

“இந்த கிளப் லாபத்தில் நடக்குமா, நடக்காதா? திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் எழுதிக் கொடு” என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுத் துரை ஜீப்பில் ஏறினார். ஜீப்புக்கு இரும்புத் தகடு அடித்த நாளிலிருந்து அதன் உறுமலே மாறிப் போயிருந்தது. தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி கணேசமூர்த்தி ஆபீஸ் வாசலில் நின்று, அது கேட்டைத் தாண்டி ரப்பர் மரங்களுக்குள் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே போகிற எதையும் மறையும்வரை பார்ப்பது இரண்டு வருஷமாக அவரைப் பிடித்திருந்த வியாதி.

இரண்டு வருஷம் என்றால் வேலி போட்டு இரண்டு வருஷம். லிங்கி ஆற்றோரம் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்த கூலி வீட்டு லயங்களையெல்லாம் பிரித்து ஓரிடத்தில் நெருக்கிக் கட்டி, சுற்றி ஆளுயரத்துக்கு மேலே முள்கம்பி இழுத்துவிட்டார்கள். காலை ஆறு மணிக்குக் கேட் திறக்கும், மாலை ஆறு மணிக்குச் சங்கிலி விழும். காட்டுக்குள் துப்பாக்கியோடு திரிகிற கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு கவளம் சோறு போய்விடக் கூடாதாம். அதற்காக ரப்பர் பால் வெட்டப் போகிற ஜனம் சோறில்லாமல் போகவேண்டும். கேட்டில் பெண்களின் கொண்டையைக்கூட விட்டுவைப்பதில்லை, அவிழ்த்துக் காட்டச் சொன்னார்கள். இந்தச் சட்டத்தைத் தமிழில் எழுதி, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் உரக்கப் படித்தவரும் நம்ம கணேசமூர்த்திதான். ‘அரிசி, மாவு, சீனி, மீன் டின் முதலான எந்த உணவுப் பொருளையும் வேலிக்கு வெளியே கொண்டு போனால் ஐந்து வருஷம்வரை சிறை.’ அவர் குரல் கணீரென்று இருக்கும். படித்து முடித்ததும் கடைசி வரிசையில் நின்றவர்கள்கூட நன்றாகக் கேட்டது என்றார்கள்.

அந்தக் குரலை அவர் வேறு எதற்கோ வளர்த்திருந்தார். சனிக்கிழமை தவறாமல் பஸ் பிடித்துச் சிரம்பான் போய், ஒரு பாட்டு வாத்தியாரிடம் ஏழு வருஷம் கற்றுக்கொண்டவர். கல்யாணத்தைக்கூட, ‘இன்னும் நாலு கீர்த்தனை பாடமாகட்டும்’ என்று தள்ளிப் போட்டு, முப்பத்தைந்து வயதில் ஒற்றை அறை குவார்ட்டர்ஸில் ஒற்றை ஆளாக நின்றுவிட்டார். இப்போது பஸ்ஸும் இல்லை, பாட்டும் இல்லை. ஆறு மணிக்குச் சங்கிலிச் சத்தம் கேட்கும். அதற்குப் பிறகு பன்னிரண்டு மணி நேரம். எத்தனை தடவைதான் ஒரு மனுஷன் தன் அறையின் சுவரையே பார்ப்பது? போன மாதம் ஒரு நாள், தட்டெழுத்து இயந்திரத்தின் சத்தத்துக்குத் தாளம் போட்டுக்கொண்டு தாம் அழுதுகொண்டிருப்பதை அவரே கண்டுபிடித்தார். அன்றைக்குத்தான், பழைய ஸ்டோரைக் கேட்டு வாங்கி ஒரு சங்கீத கிளப் ஆரம்பித்தால் என்ன என்று கூலிகளை வேலை வாங்கும் மண்டோர் அர்ச்சுனனிடம் வாயைத் திறந்தார். விண்ணப்பத்தில் இருபது பேர் கைநாட்டு வைத்தார்கள். துரை மறுக்கவில்லை, மாதம் பதினைந்து வெள்ளி வாடகை என்றார். வாடகை போக மிச்சம் நிற்கும் என்று கணக்குக் காட்டினால் சாவி தருவார். காட்டாவிட்டால் ஸ்டோர் உர மூட்டைக்குப் போய்விடும்.

மண்டோர் அர்ச்சுனன் மனசில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடுகிற ஆள்.

“கிராணியாரே, இது தேறாது லா. வெளியாள் உள்ள வர முடியாது. உள்ளாள் காசு குடுக்க மாட்டான். ஸ்டோர்ல தும்முனா கடைசி வீட்டுல கேக்குது. காலை நீட்டிப் படுத்துக்கிட்டே ஓசியில கேக்கலாம்னா, எவன் லா அரை வெள்ளி குடுத்து வந்து குந்துவான்?”

வேலிக்கு வெளியே உள்ளவனுக்கு வழி இல்லை, உள்ளே உள்ளவனுக்குத் தேவை இல்லை. இப்படி ஒரு வியாபாரத்தை எந்தச் செட்டியாரிடம் கொண்டு போனாலும் சிரித்துவிட்டு மோர் கொடுத்து அனுப்புவார். ஆனாலும் மனசு கேட்கவில்லை. “ஞாயித்துக்கிழம ஒரு வெள்ளோட்டம் பாத்துருவோம் அர்ச்சுனன். மாயாண்டி வந்து வாசிக்கட்டும். அப்பவும் சனம் வரலன்னா நானே தேறாதுன்னு எழுதிடறேன்” என்றார்.

மாயாண்டி அதே தோட்டத்தின் கீழ் டிவிஷனில் பால் வெட்டுகிறவர். அது இரண்டு மைலுக்கு அப்பால், தனி வேலிக்குள். காலையில் கத்தி பிடிக்கிற அந்தக் கை மிருதங்கத்தைத் தொட்டால் வேறு கையாகிவிடும். சுற்றியுள்ள ஐந்தாறு தோட்டத்துப் பஜனைக்கும் ஒரு காலத்தில் அவர்தான். கிராணி என்ற முறையில் எல்லாரையும் ‘நீ’ என்று கூப்பிடுகிற கணேசமூர்த்தி, அந்தக் கைக்காகவே மாயாண்டியை ‘நீங்க’ என்பார். அன்று சனிக்கிழமை மதியம் பால் நிறுக்க வந்தவரைத் தனியே அழைத்துச் சொன்னார்.

“நாளைக்கு மூணு மணிக்கு வந்துருங்க. பாஸ் எழுதி வெச்சிருக்கேன். வரும்போது ஒரு பிடி ரவையும் எடுத்துக்குங்க, இங்க கடையில ரவை வந்து ரெண்டு வாரமாச்சு.”

மிருதங்கத்தின் இடது பக்கத் தோலில் ரவையைப் பிசைந்து அப்பினால்தான் அடிவயிற்றிலிருந்து வருகிற அந்தக் கும்மென்ற நாதம் வரும். அப்பாமல் தட்டினால் தகர டின்தான்.

மாயாண்டி தயங்கினார். “ரவைங்களா... கொண்டாரலாமுங்களாய்யா?”

“மிருதங்கத்துக்குத்தானே? திங்கவா போறோம்?” என்று கணேசமூர்த்தி சிரித்தார். சட்டத்தைத் தம் வாயால் படித்த மனுஷன்! சத்தியமாக அவருக்கு அது உறைக்கவே இல்லை. ஏழு வருஷம் பாட்டு வாத்தியார் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தவருக்கு ரவை என்றால் மிருதங்கத்தின் ஒரு உறுப்பு, அவ்வளவுதான். மாயாண்டியும் சிரித்தார். கிராணி ஐயாவே சொன்னபிறகு என்ன பயம்?

ஞாயிற்றுக்கிழமை ஸ்டோரைக் கூட்டிப் பாய் விரித்தாயிற்று. மூன்று மணிக்குப் பதினோரு பேர் வந்திருந்தார்கள், அதில் நான்கு பேர் மண்டோருக்குச் சொந்தக்காரர்கள். கணேசமூர்த்தி தொண்டையைக் கனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது காவல்காரப் பையன் ஒஸ்மான் ஓடி வந்தான். கேட்டுக்கு உடனே வரவேண்டும், மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்றான்.

கேட்டில் போலீஸ் லாரி நின்றது. திடீர்ச் சோதனை. வெயிலில் முகம் சிவந்த ஒரு வெள்ளைக்கார இளம் அதிகாரி, மேஜையின் மேல் அவிழ்த்து வைத்த சின்னத் துணி முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்தான். முடிச்சில் ரவை; கிராணியின் பாஸைக் கண்டதும் கீழ் டிவிஷன் கேட்டில் சோதிக்காமலே விட்டிருந்தார்கள். பக்கத்தில் மிருதங்கம், அதன் பக்கத்தில் மாயாண்டி. கணேசமூர்த்தியைக் கண்டதும் மாயாண்டியின் முகம் தெளிந்தது. இனிக் கவலையில்லை என்ற தெளிவு. அதைப் பார்த்த பிறகுதான் கணேசமூர்த்திக்குத் தாம் படித்த அறிக்கை எழுத்து எழுத்தாக நினைவுக்கு வந்தது.

இது எதற்கு என்று அதிகாரி கேட்டான். மேளத்துக்கு என்று இவர் சொன்னார். மேளம் ரவை சாப்பிடுமா என்று அவன் சிரித்தான். வாசித்துக் காட்டச் சொன்னான்.

மாயாண்டி செம்மண் தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஒஸ்மான் கொடுத்த தண்ணீரில் பாதி ரவையைப் பிசைந்து இடது பக்கத்தில் அப்பி, ஒரு தட்டுத் தட்டிப் பார்த்து, இன்னும் கொஞ்சம் அப்பினார். பிறகு வாசித்தார். முதலில் மெதுவாகத்தான். சும்மா சொல்லக்கூடாது, உயிருக்காக வாசிக்கிறவனின் கை எப்படி ஓடும் என்பதை அன்றைக்குத்தான் அந்தத் தோட்டம் கண்டது. லயத்திலிருந்து ஒவ்வொருவராக வந்து கம்பி ஓரம் நின்றார்கள். இடுப்புக் குழந்தையோடு பெண்கள் வந்தார்கள். கள்ளுக்கடையே காலியாகி வந்தது. பின்னால் நின்றவர்கள் முன்னால் நிற்பவர்களின் தோளைப் பிடித்து எட்டிப் பார்த்தார்கள். அந்த அதிகாரியின் பூட்ஸ் நுனியும் லேசாக அசைந்தது. கணேசமூர்த்திக்குக் கண் நிறைந்துவிட்டது. இரண்டு வருஷம் கழித்து நல்ல வாசிப்புக் கேட்கிறார் பாருங்கள், பாவம், ஒரு நிமிஷம் எல்லாமே மறந்துவிட்டார்.

வாசிப்பு முடிந்தது. “நன்றாக இருக்கிறது” என்றான் அதிகாரி. “மேளத்துக்குத்தான் என்றே நம்புகிறேன். ஆனால் இது இரண்டு மைல் காட்டு வழியே வந்திருக்கிறது. வழியில் எவ்வளவு குறைந்தது என்று எனக்குத் தெரியாது. இதைக் கொண்டு வரச் சொன்னது யார்? கேள்.”

கணேசமூர்த்தி தமிழில் கேட்டார். “ரவையக் கொண்டாரச் சொன்னது யாருன்னு கேக்கறாங்க.”

தம்முடைய குரல்தானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது. மாயாண்டி நிமிர்ந்து அவரைப் பார்த்தார். கிராணி பார்வையைத் தரைக்குத் தாழ்த்தியது அவர் கண்ணுக்குத் தப்பவில்லை.

“யாரும் சொல்லலீங்க. நானாத்தான் கொண்டாந்தேன்.”

கணேசமூர்த்தி அதை ஆங்கிலத்தில் சொன்னார். ஒரு வார்த்தை கூட்டவில்லை, ஒரு வார்த்தை குறைக்கவில்லை. அவ்வளவு சுத்தமான மொழிபெயர்ப்பு. மிச்ச ரவையைச் சாட்சிக்கு முடிந்துகொண்டு, மாயாண்டியை லாரியில் ஏற்றினார்கள். மேளம் வேண்டாம் என்று கிராணியிடமே விட்டுவிட்டார்கள். லாரி மரங்களுக்குள் மறையும்வரை அன்றைக்கு அவரால் பார்க்க முடியவில்லை.

நாலரை மணிக்கு மண்டோர் ஆபீஸுக்குள் வந்தபோது கையில் ஒரு தாள் இருந்தது.

“அறுபத்திரண்டு பேரு, கிராணியாரே! தல அரை வெள்ளி. ஆளாளுக்கு அவனுங்களே வந்து பேரு குடுக்கறானுங்க. நான் நெனச்சது தப்பு லா. காதுல கேட்டா மட்டும் பத்தாதாம், அந்தக் கை ஓடற ஓட்டத்தக் கிட்ட குந்திப் பாக்கணுமாம்.” தாளை மேஜையில் வைத்தவர், அதன் பக்கத்தில் கிடந்த மிருதங்கத்தைப் பார்த்ததும் குரல் இறங்கியது. “மாயாண்டிய விட்டுருவாங்கல்ல?”

“பாக்கலாம்.”

அர்ச்சுனன் போனபின் அவர் தட்டெழுத்து இயந்திரத்தில் தாளைச் செருகினார். அறுபத்திரண்டு அரை வெள்ளி முப்பத்தொன்று. வாடகை பதினைந்து, மண்ணெண்ணெய்க்கு நான்கு. போகப் பன்னிரண்டு வெள்ளி மிச்சம். ‘மேற்படி கிளப் லாபத்தில் நடக்கும்’ என்று ஆங்கிலத்தில் ஒரு வரி அடித்தார். அதில் பொய் எதுவும் இல்லை. அடுத்த வரிக்குக் கை போகவில்லை.

கேட்டில் ஒரு பெண்பிள்ளை அவரைக் கேட்டு நிற்பதாகச் சொன்னார்கள். மாயாண்டியின் மனைவி மயிலம்மாள். இரண்டு மைல் ஓட்டமும் நடையுமாக வந்திருந்தாள். உள்ளே வர அவளுக்குப் பாஸ் இல்லை, வெளியே போக அவருக்குக் கால் வரவில்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் பேசினாள். அழவில்லை. அழாததுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

“காலையிலயே நான் சொன்னேங்கய்யா, ரவைய எடுக்காதீங்கன்னு. கிராணி ஐயாவே சொல்லிருக்காரு, அவருக்குத் தெரியாத சட்டமா, சும்மா இருடின்னாரு.” மூச்சு வாங்கினாள். “நீங்கதான் கொண்டாரச் சொன்னீங்கன்னு அந்த வெள்ளைக்காரன்கிட்ட சொல்லிட்டீங்கல்லங்க?”

கணேசமூர்த்தி வாயைத் திறந்தார். சட்டம் படித்த வாய், கீர்த்தனை பாடிய வாய். காற்றுத்தான் வந்தது.

அவள் அவரையே பார்த்தாள். என்ன புரிந்துகொண்டாளோ, கம்பியிலிருந்து கையை எடுத்தாள். “ஆறு மணிக்குள்ள நான் அங்க போயாகணும். புள்ளைங்க தனியா கெடக்குதுங்க” என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

ஆபீஸுக்குத் திரும்பியவருக்கு முதலில் கண்ணில் பட்டது மிருதங்கம். இடது பக்கத்து ரவை ஓரங்களில் வெளுத்துக் காய ஆரம்பித்திருந்தது. வாசித்து முடித்ததும் சுரண்டி எடுத்துவிடுவார் மாயாண்டி. விட்டால் தோல் இழுத்துக்கொண்டு வெடிக்கும். இன்றைக்கு அதற்கு விடவில்லை. கணேசமூர்த்தி துண்டை நனைத்து, தோலை மெல்ல ஒற்றி, விரல் நுனியால் பக்குவமாக எடுத்தார். வட்டமாக, பிய்யாமல், முழுசாகக் கையில் வந்துவிட்டது.

வந்தபிறகுதான், அதை எங்கே போடுவது என்று தெரியவில்லை. வேலிக்கு வெளியே எறிந்தால் குற்றம். சாக்கடையில் போடவும் மனசில்லை. மாயாண்டியின் கை பிசைந்தது. அறிக்கைத் தாள் ஒற்றை வரியோடு இயந்திரத்தில் நின்றது. துரை ஞாயிற்றுக்கிழமை வழக்கப்படி போர்டிக்சன் கடற்கரை கிளப்புக்குப் போயிருந்தார். ஸ்டேஷனுக்குப் பேச இருந்த ஒரே டெலிபோன் காவல் கொட்டகையில், கேட்டுக்கு அந்தப் பக்கம்.

ஆறு மணிக்கு இன்னும் ஐந்து நிமிஷம் இருந்தது. ஒஸ்மான் கேட்டின் ஒரு பாதியை மூடிவிட்டு, மறுபாதியை இழுத்துக்கொண்டிருந்தான். லயத்து வாசல்களில் ஜனம் நின்று பார்த்தது. கிராணி நடுப்பாதையில் வந்துகொண்டிருந்தார். செருப்புப் போடவில்லை. வலது கையை வயிற்றுக்கு நேராக விரித்துப் பிடித்திருந்தார்.

“என்ன கிராணி, கையில என்ன?” என்று ஒஸ்மான் மலாயில் கேட்டான்.

“இது அந்த ரவைதான். கொண்டாரச் சொன்னவன் நான்” என்றவர் நிற்கவில்லை. பாதி திறந்திருந்த கேட்டுக்குள் அந்தக் கையை முதலில் நீட்டினார். உள்ளங்கையில் ஈர ரவை, மேற்பக்கம் தோலின் வரிகள் அப்படியே பதிந்திருந்தன. ஒஸ்மானின் கையில் சங்கிலி தொங்கிக்கொண்டிருந்தது.