யாரும் பாக்கியில்லை

காட்டுத்தீயின் புகையில், பட்டப்பகலில் வானம் ஆரஞ்சு நிறத்தில் கிடந்தது. கலிஃபோர்னியாவின் வடக்கு மலைக்காரர்களுக்கு இது ஒன்றும் புதிதில்லை. அவசரகால அலுவலகத்தில் ஒருவரும் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை, சுவரிலிருந்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடக்க முடியாதவர்கள், ஆக்சிஜன் சிலிண்டரோடு வாழ்பவர்கள் என்று வேன் அனுப்பிக் கூட்டிவர வேண்டிய ஆட்களின் பெயர்கள் அதில் வரும். இப்போது ஒரே ஒரு வரிதான் இருந்தது: யாரும் பாக்கியில்லை.

"அப்பாடா, எல்லாரும் சொந்தக்காரங்க வண்டிலயே வந்தாச்சு போல" என்றாள் லூப்பே. வயர்லெஸ்ஸில் வேன்களை ஏவுகிறவள் அவள். "வண்டிங்கல்லாம் ஆத்துக்கு அந்தப் பக்கம் போங்கப்பா. அங்க ஆள் பத்தலயாம்."

மார்னி திரையை இன்னொரு தரம் பார்த்தாள். அந்தத் திரைக்கு நிரல் எழுதியவள் அவள்தான். அப்பாவின் பெயரையும் தன் கையாலேயே பதிந்திருந்தாள். உடனே அவரைப் போனில் கூப்பிட்டாள்.

"வேன் வந்துச்சாப்பா?"

"இல்ல கண்ணு. பக்கத்து வீட்டுக்காரன் வந்து ஏறுங்கன்னான். வேற வண்டில ஏறாதீங்கன்னு நீதான சொல்லியிருக்க? வாசப்படில உக்காந்திருக்கேன். பேரு இருக்குல்ல, வருவான்."

இருமினார். இணைப்பு அறுந்துபோனது.

மார்னி கணினியில் அப்பா பெயரைத் தட்டினாள்: வெண்டெல் ஷூமேக்கர். விலாசம், சிலிண்டர் எண் எல்லாம் வந்தது. பெயர் சொல்லிக் கேட்டால் ஆள் இருக்கிறார். மொத்தமாகக் கேட்டால் யாருமே இல்லை.

"லூப்பே, திரை பொய் சொல்லுது! எங்கப்பா இன்னும் மேல்ரோட்டுல இருக்கார்!"

லூப்பே திட்டிக்கொண்டே, மலையடிவாரத்தில் மிச்சமிருந்த ஒரே வண்டியை அனுப்பினாள். டேரலின் வண்டி அது. "உங்கப்பா பேரு உனக்குத் தெரியும். மத்தவங்க பேரு?"

அதுதான் மார்னியைக் கொன்றது. பட்டியல் எல்லோர் கண்ணிலும் படக்கூடாது என்று போன வாரம்தான் அதன் முன்னால் ஒரு ப்ராக்ஸியை நிறுத்தியிருந்தாள். கேள்விகளை வாங்கிப் பதில் சொல்லும் காவலாள் அது. பழைய பட்டியலை அன்றைக்கே அழித்தாயிற்று. புதியதை நேரே திறக்கும் சாவி இந்தக் கட்டடத்தில் யாரிடமும் இல்லை. அவள் எழுதியதை இன்னொருவர் படித்துப் பார்க்க வேண்டும் என்பது விதி. பக்கத்து மேஜை கிப் டோனட்டைக் கடித்துக்கொண்டே, படிக்காமலே, 'சரி' என்று கட்டைவிரல் படத்தைப் போட்டு அனுப்பிவிட்டான். போன மாதம் அவன் எழுதியதற்கு அவளும் அப்படித்தான் போட்டாள்.

"சோதிச்சுத்தான பாத்த?" என்றான் கிப், முகம் வெளுத்து.

"பேரு சொல்லிச் சொல்லிக் கேட்டேன்டா! எல்லாம் சரியா வந்துச்சு! மொத்தமா ஒரு சுத்து ஓட்டிப் பாக்கல!"

தான் எழுதியதை வரி வரியாகப் படித்ததும் புரிந்தது. பெயர்களைக் கொடு என்றால் காவலாள் ஒழுங்காகத்தான் கொடுக்கிறான். ஆனால் அவள் நிரல் எழுதும் மொழியான ஜாவாஸ்கிரிப்ட் லேசில் நம்பாது. ஒவ்வொரு பெயரையும் தூக்கிக்கொண்டு திரும்பி வந்து, இது நிஜமாகவே உன்னிடம் இருக்கிறதா, விவரம் காட்டு என்று கேட்கும். அதற்குப் பதில் சொல்ல அவள் காவலாளுக்குக் கற்றுத்தரவில்லை. அவன் தன் பின்னால் ஒப்புக்கு வைத்திருந்த காலிப் பெட்டியைக் கை காட்டினான். அங்கே ஒன்றும் இல்லை என்றதும் அந்தப் பெயர் போயிற்று, அடுத்ததும் போயிற்று. பிழை என்று ஒரு முனகல்கூடக் கிடையாது, பாழாய்ப்போனதற்கு.

விவரம் சொல்லும் வரிகளை எழுதி ஓட்டினாள். சிவப்பாகப் பிழை வந்தது.

"மாத்தக்கூடியதுன்னும் சொல்லணும்" என்று கிப் கத்தினான். "பின்னால இல்லாத ஒண்ண, மாத்தவே முடியாததுன்னு சொன்னா ஒத்துக்காது!"

அந்த ஒரு சொல்லையும் சேர்த்தாள். திரையில் பெயர்கள் கொட்டின. லூப்பே வயர்லெஸ்ஸை இழுத்து வேன்களை ஒவ்வொன்றாகத் திருப்பினாள்.

"டேரல், எங்க இருக்க?"

"பெரியவர ஏத்திட்டேன். திரும்பிட்டிருக்கேன்."

"அதே ரோட்டுல கீழ ஒரு பச்ச வீடு. ஒபீலியா டன். சக்கர நாற்காலி."

டேரலின் குரல் தடுமாறியது. "மேல வரும்போது பாத்தேன். அந்த வீட்டு ஜன்னல்ல உக்காந்து ஒரு அம்மா கையாட்டுனாங்க. இவரத் தவிர யாரும் பாக்கியில்லன்னீங்களே. சும்மா ஆட்றாங்கன்னு நானும் கையாட்டிட்டுப் போயிட்டேன்."

"இப்பப் போ!"

"வீடே தெரியல லூப்பே. அந்தப் பக்கம் பூரா நெருப்பு."

வயர்லெஸ்ஸில், டேரலுக்குப் பக்கத்திலிருந்து இருமல் கேட்டது. அப்பா.

"மார்னி இருக்காளா? கண்ணு, அந்தம்மா பேரும் நம்ம பட்டியல்ல இருந்துச்சா?"

எல்லோரும் மார்னியைப் பார்த்தார்கள். லூப்பே பொத்தானை அழுத்தி, வயர்லெஸ்ஸை அவள் வாய்க்கு நேராக நீட்டினாள்.

"இருந்துச்சுப்பா."