அத்தையின் தலையளவு

டாக்டர் டேப்பை என் மகனின் நெற்றியைச் சுற்றிப் பின்மண்டை வரை கொண்டுபோனார், பார்த்தார், அவிழ்த்தார், மறுபடியும் சுற்றினார். பிறந்த குழந்தையின் தலையை ஒருவர் திரும்பத் திரும்ப அளந்தால் எந்தத் தாய்க்குத்தான் பயம் வராது? தையல் காயாத உடம்போடு நாற்காலியில் பாதி உட்கார்ந்தும் பாதி உட்காராமலும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பையனோ பால் குடித்த மயக்கத்தில், ஊரே இடிந்து விழுந்தாலும் தனக்கென்ன என்று கிடந்தான்.

டாக்டர் அவசரப்படாத பெண். அவனைக் குப்புறக் கவிழ்த்து, கழுத்திலிருந்து முதுகெலும்பு நெடுக விரலை இறக்கினார். எங்காவது குழியோ கட்டியோ தட்டுப்படுகிறதா என்று பார்க்கிறாராம். "முதுகு நல்லா இருக்கு," என்றார். பிறகு உச்சிக்குழியின் மேல் ஜெல் தடவி ஸ்கேன் கருவியை வைத்தார். அங்கே எலும்பு இன்னும் மூடாததால் அந்த வழியாக உள்ளே பார்க்கலாம். திரையில் சாம்பல் நிறத்தில் ஏதேதோ அசைந்தது. என் பிள்ளையின் மூளை. எனக்கு அதில் ஒன்றும் புரியவில்லை, கண்ணை எடுக்கவும் முடியவில்லை.

"தலை அளவு ஜாஸ்தியா இருக்கு. மூளைக்குள்ள நீர் இருக்கற அறைங்களும் கொஞ்சம் பெருசா தெரியுது. நீர் கோத்துக்கற நோயா இருக்கலாம், ஒண்ணுமே இல்லாமலும் இருக்கலாம்," என்றார். "வீட்ல யாருக்காவது தலை பெருசா? பரம்பரையா வர்றதுன்னா மாசா மாசம் அளந்து பாத்தாப் போதும். இல்லன்னா மயக்கம் குடுத்துப் பெரிய ஸ்கேன் எடுக்கணும். ஆபரேஷன் வரைக்கும் போகலாம்."

என் தலை சின்னது. அதையும் அளந்து பார்த்துவிட்டார். கணவர் கப்பலில் வேலை செய்கிறார். அடுத்த துறைமுகம் வரும்வரை போன் கிடைக்காது. அவர் பக்கத்து ஆளென்று அந்த அறையில் இருந்தது என் நாத்தனார் மட்டும்தான்.

"எங்க பக்கம் யாருக்கும் எந்தக் குறையும் கெடையாது டாக்டர்," என்றார் அவர் பட்டென்று. "எல்லாருக்கும் அளவான தலை."

நாத்தனார் தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவர். தம்பியைப் பற்றி ஒரு சொல் குறைத்துச் சொன்னால் பிடிபிடியென்று பிடித்துவிடுவார். எனக்கோ நாக்கு துருதுருத்தது. என் கணவருக்குப் பொருந்தும் ஹெல்மெட் எந்தக் கடையிலும் கிடைக்காது. டி-ஷர்ட்டின் கழுத்துக்குள் அவர் தலை நுழையாது என்பதால் எப்போதும் பட்டன் வைத்த சட்டைதான். வேறு சமயமாக இருந்தால் இதை வைத்தே அவரை ஒரு வாரம் ஓட்டியிருப்பேன்.

"டாக்டர், அவர ஸ்கூல்ல எல்லாரும் பானைன்னுதான் கூப்பிடுவாங்களாம்," என்றேன்.

நாத்தனார் பார்த்த பார்வையில் பால் திரிந்திருக்கும். "எந்த வீணாப்போனவன் சொன்னான்?"

"எங்க கல்யாணத்துக்கு வந்த சிநேகிதங்கதான் அண்ணி. அவரே சிரிச்சாரு."

டாக்டரும் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "பட்டப்பேர வச்சி நான் என்ன பண்றது? அளவு வேணும். நீங்க கூடப்பொறந்தவங்கதானே? உங்களயே அளந்துடலாம். கொண்டைய மட்டும் அவுத்துடுங்க."

நாத்தனார் முகம் செத்துவிட்டது. அவருடைய கொண்டை எங்கள் குடும்பத்தில் பிரசித்தம். அதைப் பார்த்து நான் பொறாமையில் வெந்திருக்கிறேன். அதன் தயவில் அவர் தலையின் அளவு யார் கண்ணிலும் பட்டதில்லை.

"இன்னொரு நாள் பாத்துக்கலாமே," என்றார். குரலில் வழக்கமான அதட்டல் இல்லை.

"அண்ணி," என்றேன். அதற்குள் அழுதுவிட்டேன். அந்தப் பிஞ்சுத் தலையில் யாரோ கத்தி வைப்பார்கள் என்ற நினைப்பையே என்னால் தாங்க முடியவில்லை.

அவர் என்னைப் பார்த்தார். பிள்ளையைப் பார்த்தார். எழுந்துபோய்க் கதவைத் தாழ் போட்டார். கொண்டை ஊசிகளை ஒவ்வொன்றாக உருவி என் மடியில் போட்டார். கடைசியில் கொண்டையே கழன்று மடிக்கு வந்தது. அத்தனையும் சவுரி. சொந்த முடியென்று எலிவால் கனத்துக்குக் கொஞ்சம் கழுத்தில் தொங்கியது.

"தம்பிகிட்ட சொல்லாத," என்று என்னிடம் சொல்லிவிட்டு டாக்டர் முன்னால் தலையைக் குனிந்தார்.

இந்த முறை டாக்டர் ஒரே தடவைதான் அளந்தார். "யம்மாடி! இந்தத் தலையோட வாரிசுதாங்க அது," என்றார்.

"அப்ப புள்ளைக்கு ஒண்ணுமில்லயே?" குனிந்த தலையை நாத்தனார் இன்னும் நிமிர்த்தவில்லை.

"இப்போதைக்கு நம்பிக்கையா இருக்கலாம். அப்பா வந்ததும் அவரயும் அளக்கணும். அடுத்த மாசம் கூட்டிட்டு வாங்க. எவ்வளவு வேகமா வளருதுன்னு பாத்துதான் உறுதியா சொல்ல முடியும்."

முழு நிம்மதி என்று சொல்ல முடியாது. ஆனாலும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. காலையிலிருந்து முதல் தடவையாகப் பசித்தது.

சவுரியை எடுத்து நீட்டினேன். "பையில போடு, அப்புறம் பாத்துக்கலாம்," என்று பிள்ளையைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டார். கதவைத் திறந்தார். வெளியே காத்திருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் நடந்தார், நான் பின்னால் மெல்லப் போனேன். ஒரு பெரிய தலை, அதன் பக்கத்தில் தோளில் சாய்ந்து தூங்கும் ஒரு சின்னத் தலை. இரண்டும் பின்பக்கம் ஒரே மாதிரி புடைத்துக்கொண்டு, கூட்டத்தை விலக்கியபடி போய்க்கொண்டிருந்தன.