விளக்கு அணைந்திருந்த எலிகள்

தோர்கெல் சுத்தியலை ஒளித்து வைத்துவிட்டார். ஒரு பேராசிரியர் செய்கிற வேலையா இது!

எங்கள் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வேட்டை, தேர்வுக்கு மூன்று வாரம் முன்பு பொதுச் சுவரில் ஆணியடித்து மாட்ட வேண்டும். மாட்டிவிட்டால் அது ஊர்ச்சொத்து. அப்புறம் ஒரு வரியையும் உருவ முடியாது.

நசுங்கிய கால் நரம்பு லேசர் ஒளி பட்டால் சீக்கிரம் தேறும் என்று காலமெல்லாம் சொல்லி வந்தவர் என் நெறியாளரான தோர்கெல். ஒளி பட்ட எலிகளைக் கூண்டிலேயே கிடந்த எலிகளோடுதான் ஒப்பிடுவார். நான் இன்னொரு கூட்டத்தைச் சேர்த்தேன். அவற்றையும் அதேபோல் கையில் பிடித்து, அதே கருவிக்கு அடியில் காட்டினேன், விளக்கை மட்டும் அணைத்துவிட்டு. பிறகு எல்லா எலிகளின் பாதத்திலும் மை தடவிக் காகிதத்தில் நடக்கவிட்டேன். கூண்டில் கிடந்தவை நொண்டின. மற்ற இரண்டு கூட்டமும் ஒன்றுபோல, நரம்பு தேறியதற்கு அடையாளமாக, விரல் விரித்து நடந்தன.

சுவரருகே சகாக்கள் பாதாம் விழுது போர்த்திய பச்சை மார்சிபன் கேக்கோடு காத்திருந்தார்கள். தோர்கெல் என்னை ஓரமாக இழுத்தார்.

"இல்வா, இன்னைக்கு வேண்டாம்மா. அந்த மூணாவது கூட்டத்த எடுத்துட்டு மறுபடி அச்சடிச்சுக்கலாம். எலியக் கையில வச்சிருந்தா நரம்பு தேறும்னா ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். எதால தேறுச்சுன்னு எனக்கும் தெரியல. லேசரால இல்லன்னு தெரியும்."

"என் ஆய்வகத்துல உனக்குன்னு ஒரு வேலை வச்சிருக்கேன். மறந்துடாத."

ஸ்டாக்ஹோமில் வீடு கிடைப்பது குதிரைக்கொம்பு. அந்த வேலையை நம்பித்தான் ஒரு வீட்டைப் பேசி வைத்திருந்தேன். ஆனால் கோபம் பயத்தை விழுங்கிவிட்டது.

"அந்த எலிங்க காலையெல்லாம் நசுக்குனது என் கைதான், தோர்கெல். அதுங்க நடந்து காட்டுனத மறைக்கிறதா இருந்தா, எதுக்கு நசுக்கினேன்?"

"சரி, அடி பாப்போம். எதால அடிப்ப?"

காலில் இருந்த மரச்செருப்பைக் கழற்றினேன். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். முதல் ஆணி வளைந்தது. தோர்கெலின் உதட்டோரம் நெளிந்தது. இரண்டாவது ஆணியை ஓங்கி அடித்தேன். ஆய்வேட்டைத் துளைத்துக்கொண்டு சுவரில் இறங்கியது.

அவர் கை தானாக அதை நோக்கிப் போனது. நான் நடுவில் போய் நின்றேன்.

"மூணு வாரம் கழிச்சு வாங்க. எல்லார் முன்னாடியும் கேளுங்க, பதில் சொல்றேன். இப்ப கைய எடுங்க."

எடுத்தார்.